பச்சை அம்மாச்சி, ஊதா அம்மாச்சி

வீட்டில் இருக்கும் கலர் பிரிண்டரில் கறுப்பு-வெள்ளைப் படம் ஒன்றை அடித்துப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருந்தால், நான் சொல்லப்போவதில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். படம் கறுப்பு-வெள்ளையாக வராது. லேசாகப் பச்சை ஓடும், இல்லையென்றால் ரோஸ் ஓடும். கல்யாண ஆல்பத்துப் படங்களை அவ்வளவு அழகாக அடித்துத் தரும் அதே பிரிண்டர், நிறமே இல்லாத படம் வந்தால் தடுமாறும். நிறம் இல்லாததை அடிக்க என்ன கஷ்டம் என்றுதானே தோன்றும்? எங்கள் வீட்டில் ஒரு குளிர்காலம் முழுக்க இந்தக் கேள்வியோடுதான் போனது.

அம்மா அக்டோபரில் புதுக்கோட்டையிலிருந்து மிச்சிகன் வந்தார். கைப்பையில், பட்டுப்புடவை மடிப்புக்குள், பாலித்தீன் கவரில் ஒரு படம். அம்மாவைப் பெற்ற அம்மாச்சியின் படம். போஸ்ட்கார்டை விடக் கொஞ்சம் சின்னது. பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரை மங்கிப்போய், '1964' என்று பேனாவில் எழுதியது மட்டும் தெரியும். ஒரு நாற்காலியின் முதுகில் கை வைத்தபடி அம்மாச்சி நிற்கிறார். அவருக்கு இருப்பது இந்த ஒரே படம்தான். நெகட்டிவ் எல்லாம் எந்தக் காலத்திலோ போய்விட்டது. படம் எடுத்து இரண்டு வருஷத்தில் அம்மாச்சி தவறிவிட்டார். அப்போது அம்மாவுக்கு எட்டு வயது, பெரியம்மாவுக்குப் பதினாலு, சித்திக்கு நாலு.

மூன்று பேருக்கும் ஆளுக்கொரு படம் வேண்டும். அதுவும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதில் அம்மா உறுதியாக இருந்தார். ஒன்று சிங்கப்பூரில் பெரியம்மாவுக்கு, ஒன்று கோயம்புத்தூரில் சித்திக்கு, ஒன்று புதுக்கோட்டை வீட்டுக்கு. "கடையில குடுக்காதப்பா. தொலைச்சுட்டாங்கன்னா நான் எங்க போவேன்?" என்றார். திரும்பிப் போகும் டிக்கெட் மார்ச் மாதம். ஐந்து மாதம் என்பது மூன்று பிரிண்ட் அடிக்க ஏகப்பட்ட நேரம் இல்லையா?

ஸ்கேன் பண்ணும் வேலை சுலபமாக முடிந்தது. பழைய படங்களை ஸ்கேன் செய்பவர்களுக்கு ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். படம் கறுப்பு-வெள்ளையாக இருந்தாலும் கலரில் ஸ்கேன் செய்யுங்கள். அம்மாச்சி படத்தில் ஓரமெல்லாம் மஞ்சள் கறை. மஞ்சள் என்பது நீல ஒளியை விழுங்கும் நிறம், சிவப்பு ஒளியை அது ஒன்றும் செய்வதில்லை. அதனால் ஸ்கேனின் நீலப் பகுதியில் கறை கரேலென்று தெரியும், சிவப்புப் பகுதியில் ஏறக்குறைய காணாமல் போய்விடும். சிவப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் தூக்கிப் போட்டால் கறை நீக்கும் வேலையில் முக்கால்வாசி மிச்சம்.

பிறகு வீட்டுப் பிரிண்டரில் அடித்தேன். நான்கு கார்ட்ரிட்ஜ் போடும் சாதாரண பிரிண்டர். எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை, இந்த ரகம் எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான். மதியம் ஜன்னல் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது பச்சை. சாயங்காலம் ஐந்து மணிக்கே இங்கே இருட்டிவிடும், ஹாலில் மஞ்சள் விளக்கைப் போட்டால் அதே காகிதம் ஊதா. அம்மா இரண்டையும் பார்த்துவிட்டு, "காலையில பாசி புடிச்ச மாதிரி இருந்தாங்க, இப்ப கத்திரிக்கா மாதிரி இருக்காங்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்தக் காகிதத்தைக் குப்பையில் போட விடவில்லை. மேஜை இழுப்பறையில் கவிழ்த்து வைத்துவிட்டார்.

ஏன் இப்படி வருகிறது? பிரிண்டருக்குச் சாம்பல் நிறம் என்று ஒன்று கிடையாது. அதனிடம் இருப்பது சயான் என்கிற நீலப்பச்சை, மெஜந்தா என்கிற கருஞ்சிவப்பு ரோஸ், மஞ்சள், கறுப்பு. வெளிர் சாம்பலைக் கறுப்பு மையால் மட்டும் காட்ட வேண்டுமானால் வெள்ளைக் காகிதத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கறுப்புப் புள்ளி வைக்க வேண்டும். அது தயிர் சாதத்தில் கடுகு மாதிரி கண்ணுக்குத் தெரியும். முகத்தில் அப்படித் தெரிந்தால் நன்றாகவா இருக்கும்? அதனால் பிரிண்டர் மென்பொருள், சயான் மெஜந்தா மஞ்சள் மூன்றையும் ஒன்றோடொன்று ஈடுகட்டும் அளவில் கலந்து, "இதைச் சாம்பல் என்று வைத்துக்கொள்" என்று நம் கண்ணிடம் கொடுக்கிறது. மூன்றில் ஒன்று இம்மி கூடினாலும் சாயம் வெளியே தெரிந்துவிடும். கலர் படத்தில் இந்த இம்மியை யாரும் கவனிக்க மாட்டோம். புடவை கொஞ்சம் கூடுதலாகச் சிவந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? சாம்பலில் ஒளிந்துகொள்ள இடமில்லை.

இன்னொரு விஷயம் தெரிந்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இந்த ரகப் பிரிண்டர்கள் பலவற்றில் கறுப்பு கார்ட்ரிட்ஜில் இருப்பது எழுத்து அடிப்பதற்கான பிக்மென்ட் மை. பளபளப்பான போட்டோ பேப்பரில் அது சரியாக ஒட்டாது. அதனால் பேப்பர் வகையில் 'கிளாஸி' என்று தேர்ந்தெடுத்த உடனே பிரிண்டர் அந்தக் கறுப்பைத் தொடுவதே இல்லை. அதாவது, அம்மாச்சியின் கூந்தல் உட்பட அந்தப் படத்தில் இருந்த 'கறுப்பு' முழுவதும் மூன்று கலர் மையின் கலவை. கறுப்பு-வெள்ளைப் படத்தில் கறுப்பு ஒரு சொட்டுகூட இல்லை!

சரி, கலவை என்றே இருக்கட்டும். பகலில் ஒரு நிறம், ராத்திரியில் ஒரு நிறம் எப்படி? இதற்கு நான் இயற்பியல் சொல்ல ஆரம்பித்தேன். அம்மா பாதியிலேயே நிறுத்தி, "புடவைக் கடையில வாசலுக்குக் கொண்டுபோய் வெயில்ல பாக்குறோமே, அதானே?" என்றார். அதேதான். கடை விளக்கில் ரவிக்கைத் துணியும் புடவையும் ஒரே நிறமாகத் தெரியும், வெளியில் வந்தால் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். ஒவ்வொரு சாயமும் ஒளியின் ஒவ்வொரு பகுதியைத் தன் போக்கில் விழுங்குகிறது. சூரிய ஒளியில் இருக்கும் நீலத்தின் அளவு வேறு, மஞ்சள் விளக்கில் வேறு. ஒரு விளக்குக்கு ஈடுகட்டி வைத்த கலவை இன்னொரு விளக்கில் சாய்ந்துவிடும். மெட்டாமெரிசம் என்று இதைச் சொல்வார்கள். எங்கள் படங்களோ மூன்று நாட்டில் இல்லையென்றாலும் மூன்று ஊரில், மூன்று விதமான விளக்கின் கீழே தொங்கப் போகிறவை.

செய்து பார்க்காத வித்தை இல்லை. முதலில் நாசில் செக். ஒரு கலர் அடைத்துக்கொண்டிருந்தாலும் இப்படி வரும், அதனால் நீங்களும் முதலில் இதைப் பாருங்கள். எங்களுடையதில் அடைப்பு இல்லை. அடுத்தது, போட்டோஷாப்பும் பிரிண்டரும் இரண்டுமே நிறத்தைத் திருத்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். இரண்டு சமையல்காரர்கள் ஒரே குழம்பில் ஆளுக்கொரு தடவை உப்புப் போடுகிற கதை அது, பெரும்பாலும் படம் ரோஸாக வரும். ஒன்றில் மட்டும்தான் திருத்தம் இருந்தது, அதுவும் சரி. 'கிரேஸ்கேல்' என்ற பெட்டியை டிக் செய்தால், போட்டோ பேப்பரில் பழையபடி கலவைதான். சாதாரணக் காகிதம் என்று பொய் சொல்லி, மேட் பேப்பரில் கறுப்பு மையால் மட்டும் அடித்தால் சாயம் சுத்தமாகப் போய்விட்டது. ஆனால் கன்னமெல்லாம் கடுகு. தினசரியில் வரும் நினைவஞ்சலி படம் மாதிரி இருந்தது. அம்மா அதைச் சொல்வதற்குள் நானே எடுத்து மடித்துவிட்டேன்.

மீதி இருந்தது கலர் ஸ்லைடர். வெள்ளையிலிருந்து கறுப்பு வரை ஐந்து ஐந்து சதவீதமாக ஏறும் 21 கட்டங்கள் கொண்ட பட்டை ஒன்றை அடித்துக்கொண்டேன். முகத்தைப் பார்த்துத் திருத்தினால் கண் ஏமாறும், பட்டையில் எந்தக் கட்டத்தில் எந்தச் சாயம் என்று பளிச்சென்று தெரியும். மெஜந்தாவைக் கொஞ்சம் கூட்டினால் பகலில் பச்சை போனது. ஆனால் ராத்திரியில் ஊதா இன்னும் ஏறியது. ராத்திரிக்குத் திருத்தினால் பகலில் பாசி திரும்பி வந்தது. அதிலும் வெளிர் கட்டங்கள் ஒரு பக்கம் சாய்ந்தால் நடுக்கட்டங்கள் வேறு பக்கம். வாரக்கடைசி வாரக்கடைசியாக இதைச் செய்தேன். டைனிங் டேபிள் முழுக்கச் சாம்பல் பட்டைகள். என் மனைவி, "இது பெயின்ட் கடையா, வீடா?" என்று கேட்டதில் நியாயம் இருந்தது.

இதற்கு நடுவில் சிங்கப்பூரிலிருந்து ஒரு படம் வாட்ஸப்பில் வந்தது. நான் பகிர்ந்திருந்த ஸ்கேனை எடுத்து, பெரியம்மாவின் பேரன் ஏதோ ஒரு ஆப்பில் போட்டுக் கலராக்கி அனுப்பியிருந்தான். நல்ல எண்ணத்தில்தான் செய்திருந்தான், பார்க்கவும் பளபளவென்றுதான் இருந்தது. அம்மாச்சி கோதுமை நிறத்தில், நீலப் புடவையில். பெரியம்மா ஃபோனில், "எங்கம்மா நல்ல கறுப்பு. அது அரக்குப் புடவை, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றார். அம்மா ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. படுக்கப் போகும்போது என்னிடம், "எங்கம்மா என்ன நெறம்னு எனக்கே ஞாபகம் இல்ல தம்பி. அந்த ஃபோனுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார். பிறகு, "இருக்குற மாதிரி இருந்தாப் போதும். நெறம் எதுவும் வேணாம்" என்றார்.

அதுவரை எனக்கு இது ஒரு கணக்கு. மூன்று மை, மூன்று விளக்கு, எங்கேயோ ஒரு விடை. அம்மாவுக்கு வேறு. அவருக்குத் தன் அம்மாவின் முகம் என்பதே இந்தப் படம்தான், ஞாபகத்தில் இருப்பதுகூட இதைப் பார்த்துப் பார்த்துப் பதிந்தது. பச்சையோ ஊதாவோ கோதுமையோ, எந்தச் சாயம் ஏறினாலும் அது யாரோ இடையில் புகுந்து அம்மாச்சியைப் பற்றி ஏதோ சொல்வது மாதிரி. நடுநிலைச் சாம்பல் ஒன்றும் சொல்லாது.

இந்தத் தலைவலி எங்களுக்கு மட்டும் வந்ததில்லை என்று படித்துத் தெரிந்துகொண்டேன். கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ் குழுவில் பாடிய கிரஹாம் நாஷ் நல்ல புகைப்படக்காரரும்கூட. தான் எடுத்த கறுப்பு-வெள்ளைப் படங்களைக் கம்ப்யூட்டரிலிருந்து நல்ல காகிதத்தில் அச்சிட வேண்டும் என்பதற்காகவே 1989-ல் ஐரிஸ் என்ற பிரம்மாண்டமான இங்க்ஜெட் இயந்திரத்தை 1,26,000 டாலர் கொடுத்து வாங்கினார். அச்சகங்கள் கலர் மாதிரிப் படிவம் எடுப்பதற்காகச் செய்த இயந்திரம் அது. இன்று அது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இங்க்ஜெட்டில் கலைப்படம் அச்சிடும் வழக்கமே கறுப்பு-வெள்ளையை வரவழைக்கப் பட்ட பாட்டில் தொடங்கியதுதான் என்று சொன்னால் பெரிய தப்பில்லை. ஜான் கோன் என்ற அச்சுக் கலைஞர் இன்னும் ஒரு படி மேலே போய், கலர் மைகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பல அடர்த்திகளில் கார்பன் மையை ஊற்றும் பியசோகிராஃபி முறையைக் கொண்டுவந்தார். கரியும் சாம்பலும் மட்டும், கலவைப் பேச்சே இல்லை. அதற்கென்று ஒரு பிரிண்டரையே ஒதுக்கி வைக்க வேண்டும் என்பதால் நம்மைப் போன்றவர்களுக்கு ஒத்துவராது.

நமக்கு ஒத்துவருவது 2005-ல் எப்சன் ஆர்2400 பிரிண்டரோடு வந்த யோசனை. கறுப்பு, வெளிர்கறுப்பு, மிக வெளிர்கறுப்பு என்று மூன்று கறுப்பு மை. வெளிர் சாம்பலுக்கு வெளிர்கறுப்பையே வைத்துவிட்டால் கடுகு தெரியாது, கலவையும் வேண்டாம். இதற்கென்றே 'அட்வான்ஸ்டு பிளாக் அண்ட் வைட்' என்று ஒரு தனி அமைப்பும் உண்டு. அதில் கலர் மைகள் ஒரு சிட்டிகை அளவுக்குத்தான் சேரும், காகிதத்தின் சாயத்தைச் சரிக்கட்ட. ஈடுகட்ட வேண்டியதே குறைவு என்பதால் விளக்கு மாறினாலும் சாய்வதற்கு அதிகம் ஒன்றும் இல்லை. இன்று கேனன் ப்ரோ-200 போன்றவற்றில் சாம்பல், வெளிர்சாம்பல் என இரண்டு மை இருக்கிறது. எப்சன் ஈடி-8550 டாங்க் பிரிண்டரில்கூட ஒரு சாம்பல் மை உண்டு. பிரிண்டர் வாங்கப் போகிறவர்கள் 'எத்தனை கலர்' என்று கேட்பதோடு 'அதில் எத்தனை சாம்பல்' என்றும் கேளுங்கள். அட்டையில் பெரிய எழுத்தில் இது இருக்காது.

எங்கள் தமிழ்ச் சங்கத்தில் கல்யாணம், வளைகாப்புக்கெல்லாம் படம் எடுக்கும் நண்பர் ஒருவரிடம் மூன்று கறுப்பு மை உள்ள பிரிண்டர் இருந்தது. ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது, அம்மா கூடவே வந்தார். அவர் வீட்டு பேஸ்மென்ட்டில் பேப்பர் பற்றி ஒரு வகுப்பே நடந்தது. ரொம்ப வெள்ளையாகத் தெரியும் போட்டோ பேப்பர்களில் பளிச்சிட வைக்கும் ரசாயனம் சேர்த்திருப்பார்கள், வெள்ளை வேட்டிக்கு நீலம் போடுகிற மாதிரி. ஜன்னல் வெளிச்சத்தில் இருக்கும் புற ஊதாவில் அது நீலமாக மினுங்கும், சாதாரண எல்இடி விளக்கில் மினுங்காது. அதாவது மை நடுநிலையாக நின்றாலும் காகிதமே நிறம் மாறும். அதனால் அந்த ரசாயனம் இல்லாத, கொஞ்சம் பாலேடு நிறமான பருத்திக் காகிதம் எடுத்தோம். விலை அதிகம்தான். மூன்று படத்துக்கு ஐந்து தாள்.

அடித்த உடனே தீர்ப்புச் சொல்லக் கூடாது என்றார் நண்பர். மை காய ஒரு நாளாவது வேண்டும், காயும்போது சாயம் கொஞ்சம் மாறும். அம்மாவுக்குப் பொறுமை இல்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கே எழுந்து, சூரியன் வருவதற்காக ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். எட்டு மணிக்கு ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தடவை, பிறகு பாத்ரூம் எல்இடி விளக்கில், கடைசியாக கராஜில் இருக்கும் பழைய டியூப்லைட்டுக்குக் கீழே கோட்டு போட்டுக்கொண்டு ஒரு தடவை. புதுக்கோட்டை வீட்டு ஹாலில் டியூப்லைட்தான், அதனால் அந்தப் பரீட்சை முக்கியம் என்றார். மூன்றிலும் சாம்பல் சாம்பலாகவே இருந்தது. துல்லியமாகப் பார்த்தால் டியூப்லைட்டில் மட்டும் இம்மி அளவு குளிர்ந்த சாயல். பட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த எனக்குத் தெரிந்தது, அம்மாவிடம் சொல்லவில்லை.

சாயம் போனதும் வேறொன்று தெரிய வந்தது. கலவை மையில் ஒரே இருட்டாகக் கிடந்த புடவைப் பகுதியில், கரைக்கு மேலே மெல்லிய கட்டம் போட்டிருந்தது. ஒரிஜினலில் அது இருக்கிறது, ஆனால் அவ்வளவு சின்னப் படத்தில் யாரும் கவனித்ததில்லை. சொல்லச் சொல்லப் பெரியம்மாவுக்கும் ஃபோனில் கட்டம் ஞாபகம் வந்தது, "அரக்கும் மஞ்சளும்" என்றார். அது ஞாபகமா அல்லது நாங்கள் சொன்னதால் வந்ததா, யாருக்குத் தெரியும்.

இவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. நான்கு மை பிரிண்டர்தான் கையில் இருக்கிறது என்றால், சுத்தமான நடுநிலைக்கு மல்லுக்கட்டாமல் படத்துக்கு லேசான பழுப்புச் சாயலை நீங்களே கொடுத்துவிடுங்கள். பழைய படங்களுக்கு அது இயல்பாகவே பொருந்தும், அங்கே இங்கே வரும் தடுமாற்றத்தையும் கண் மன்னித்துவிடும். படம் சுவரில் எந்த விளக்கின் கீழே தொங்கப்போகிறதோ அந்த விளக்கில் வைத்தே திருத்துங்கள். வெளியில் கொடுக்கத் தயக்கம் இல்லாதவர்களுக்கு, டிஜிட்டல் கோப்பிலிருந்து நிஜமான வெள்ளி உப்புக் காகிதத்தில், அந்தக் காலத்து ஸ்டூடியோ மாதிரியே கழுவி எடுத்துத் தரும் லேப்கள் இருக்கின்றன. இல்ஃபோர்டின் லேப் அப்படி ஒன்று. அசல் படத்தைக் கைவிட்டு அனுப்ப வேண்டியதில்லை, கோப்பை அனுப்பினால் போதும். எங்களுக்கு நண்பர் இருந்தார், அதனால் அங்கே போகவில்லை.

மார்ச்சில் அம்மா மூன்று படத்தையும் இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து எடுத்துப் போனார். சிங்கப்பூருக்கு அங்கே இறங்கி மாறும் விமானம்தான் போட்டிருந்தோம், பெரியம்மாவின் மகன் ஏர்போர்ட்டுக்கே வந்து வாங்கிக்கொண்டான். கோயம்புத்தூர்ப் படம்தான் கடைசியாகப் போய்ச் சேர்ந்தது. சித்தி கண்ணாடி போட்டு மாட்டி, சந்தனப் பொட்டு வைத்து, ஃபோனில் படம் எடுத்து எங்கள் எல்லோருக்கும் அனுப்பினார். அதில் அம்மாச்சி நல்ல நீலமாக இருந்தார். ஃபோன் கேமரா தானாக எதையோ வெள்ளை என்று முடிவு செய்துகொண்டு மற்றதையெல்லாம் அதற்கேற்ப மாற்றும், பிரிண்டில் ஒன்றுமில்லை என்று விளக்கி எழுத ஆரம்பித்தேன். முடிப்பதற்குள் அம்மாவின் குரல் பதிவு முந்திக்கொண்டது.

"ஃபோன்ல பாத்து என்னத்தடி சொல்ற? கழட்டி வாசலுக்கு எடுத்துட்டுப் போய் வெளிச்சத்துல பாரு."